கரையைக் கடந்த பிறகு

‘புயல் கரையைக் கடந்தது.’ இந்தச் செய்தி காதில் விழுந்ததும் நம் இல்லங்களில் எழும் பெருமூச்சை நாம் அனைவரும் அறிவோம். அடைத்துவைத்த சன்னல்களைத் திறக்கிறோம். ஈரத் துணிகளைக் கொடியில் விரிக்கிறோம். ‘ஆண்டவர் காப்பாற்றினார்’ என்று சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கிறோம். ஆனால் இச்சொற்களைத் தவறாகப் பொருள்கொண்டு நாங்கள் செய்த ஒரு பிழையையும், அதனால் எங்கள் உறவினராகிய ஒரு மூதாட்டி அடைந்த இழப்பையும் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம். எங்களுக்கு நேர்ந்தது பிறருக்கு நேராதிருக்கட்டும் என்பதே இதன் நோக்கம்.

நாங்கள் திண்டிவனத்தில் குடியிருக்கும் கணவனும் மனைவியும். இருவரும் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எங்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர். புயல் எங்கே பிறக்கிறது, எப்படிச் சுழல்கிறது என்று கரும்பலகையில் எத்தனை முறை படம் வரைந்திருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை. எங்கள் பிழையின் கசப்பு அதனாலேயே இரட்டிப்பாயிற்று.

நம் வானமும் நம் காற்றும்

புயலைப் பற்றிப் பேசுமுன் நாள்தோறும் நம் தலைக்கு மேல் நடப்பதைச் சிறிது நோக்குவோம். திண்டிவனம், விழுப்புரம் பகுதியில் வாழும் நமக்குக் கிழக்கே வங்கக் கடல்; மேற்கே செஞ்சி மலைகள்; அவற்றுக்கும் அப்பால் கல்வராயன், சவ்வாது மலைகள். இவ்விரண்டுக்கும் இடையில்தான் நம் வானிலை விளையாடுகிறது.

ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிட்டு நம்மை வந்தடைகிறது. ஆகவே பகலெல்லாம் வெயில் காயும். மாலையில் செஞ்சிப் பக்கம் கருமுகில் திரண்டால், இரவில் இடியோடு ஒரு மழை கிடைக்கும். ஐப்பசி பிறந்ததும் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அப்போது மழை கிழக்கே தோன்றி, பின்னிரவிலும் விடியலிலும் மிகுதியாகப் பெய்கிறது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்குக் குடை எடுக்காமல் கல்லறைத் தோட்டம் சென்று திரும்பிய ஆண்டுகள் எங்கள் நினைவில் மிகச் சில.

மேற்கே முகில் எழுவதைக் கண்டதும் மழை வரும் என்று சொல்லத் தெரிந்த மக்களைப் பற்றி நம் ஆண்டவர் பேசியதை லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்நாட்டுக்கு மேற்கே மத்தியதரைக் கடல் இருப்பதால் அவர்களுடைய கணிப்பு சரியானதே. வானத்தைப் படிக்கும் அவர்களது அறிவை ஆண்டவர் குறை கூறவில்லை. அந்த அறிவைத் தக்க வேளையில் பயன்படுத்தாத மந்தத்தையே கண்டித்தார். அந்தக் கண்டனம் எங்களுக்கும் பொருந்தும் என்று அந்நாளில் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

பள்ளிப் பழக்கத்தால் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். பெரிய கருவியன்று. அடியிலும் வாயிலும் ஒரே அகலமுள்ள, ஓரடி உயர எவர்சில்வர் டப்பாதான். பக்கங்கள் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானியாகும். திறந்தவெளியில் வைத்துக் காலை எட்டரை மணிக்கு அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால் அன்றைய மழை எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டரை எட்டினால் வானிலைத் துறை அதனைக் கனமழை என்கிறது. பதினொன்றரையைத் தாண்டினால் மிகக் கனமழை. இருபதரையை நெருங்கினாலே அதிகனமழை. நம் பகுதிக்கு ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுழலும் காற்று

கடல்நீரின் வெப்பம் 26, 27 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அதன் ஆவி ஏராளமாக மேலெழுகிறது. உயரத்தில் அது குளிர்ந்து முகிலாக மாறுகையில் தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் மேலே தள்ள, கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்ப நாற்புறமிருந்தும் காற்று பாய்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அக்காற்று நேராகச் செல்ல இயலாமல் வளைந்து, நம் வட கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. இச்சுழற்சியைப் பாம்பின் சுருளுக்கு ஒப்பிட்டு, கிரேக்க மொழியிலிருந்து ‘சைக்ளோன்’ என்னும் பெயரைப் படைத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஹென்றி பிடிங்டன். ஆண்டு 1848.

இச்சுழற்சியின் காற்று வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போதுதான் நம் நாட்டில் அதற்குப் ‘புயல்’ என்னும் பட்டம் கிடைக்கிறது. அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 89-ஐ எட்டினால் தீவிரப் புயல். 118-ஐ எட்டினால் மிகத் தீவிரப் புயல். வாசகர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இப்பட்டங்கள் அனைத்தும் காற்றின் வேகத்தை மட்டுமே அளப்பவை. எவ்வளவு மழை பெய்யும் என்பதை அவை சொல்வதில்லை. வகுப்பில் இதை நாங்கள் சொல்லிக்கொடுத்ததுண்டு. ஆனால் மனத்தில் பதித்துக்கொள்ளவில்லை.

ஏனெனில் எங்கள் மனத்தில் பதிந்திருந்தது 2011ஆம் ஆண்டின் தானே புயல். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அப்புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தலைமுறைகள் வளர்த்த மரங்கள் ஒரே காலையில் வீழ்ந்தன. அடுத்து 2020 நவம்பர் 25ஆம் நாள் நள்ளிரவில் மரக்காணத்தை ஒட்டிக் கரையைக் கடந்த நிவர் புயல். அவ்விரண்டும் மிகத் தீவிரப் புயல்கள். இரண்டிலும் நாங்கள் அஞ்சியது காற்றுக்கே. காற்று அடங்கியதும் எங்கள் அச்சமும் அடங்கியது. இவ்வாறு இரண்டு புயல்களும் எங்களுக்கு ஒரு பாதிப் பாடத்தையே கற்பித்துச் சென்றன.

நின்றுவிட்ட புயல்

2024 நவம்பர் இறுதியில் இலங்கைக் கரையை உரசிக்கொண்டு மெல்ல வடக்கே நகர்ந்த ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 29ஆம் நாள் பிற்பகலில் புயலாக மாறி, ஃபெஞ்சல் என்னும் பெயரைப் பெற்றது. சவூதி அரேபியா அளித்த பெயர் அது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் என்றார்கள். ‘தானேயைக் கண்ட நமக்கு இது எம்மாத்திரம்’ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

30ஆம் நாள் சனிக்கிழமை பகல் முழுவதும் வடகாற்றும் மழையும். புயலின் நடுவிடம் எங்கே இருக்கிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பைஸ் பாலட் என்னும் டச்சு அறிஞர் 1857இல் எடுத்துரைத்த விதி அது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று இடக்கையை நீட்டினால், ஏறக்குறைய அக்கை காட்டும் பக்கமே தாழ்வழுத்தம் இருக்கிறது. அன்று பகலில் வராந்தாவில் அவ்வாறே நின்று பார்த்தோம். கை கிழக்கே கடலைக் காட்டியது. பழைய மாணவர்களைப் போல மகிழ்ந்தோம்.

இரவு பத்தரை மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்ததே தவிர, நகரவில்லை. புயலுக்குத் தானே நடக்கும் கால்கள் இல்லை. உயரத்தில் வீசும் காற்றுகளே அதனை இழுத்துச் செல்கின்றன. அக்காற்றுகள் வலுவிழந்தால், ஆற்றில் நீரோட்டம் நின்ற இடத்தில் தங்கும் சருகு போலப் புயலும் நின்றுவிடும். ஃபெஞ்சல் பல மணி நேரம் புதுச்சேரியை ஒட்டி ஏறத்தாழ அசையாமல் நின்றது. அதன் ஒரு பாதி கடலின் மேல் இருந்தமையால் ஈரத்துக்குக் குறைவில்லை. கடலிலிருந்து அள்ளி அள்ளி ஒரே நிலப்பரப்பில் கொட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில், திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் பெய்த மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். ஆண்டு மழையில் பாதி ஒரே நாளில். இதன் பொருளை வீட்டுக் கணக்கில் பாருங்கள். ஒரு சென்ட் நிலத்தில் அரை மீட்டர் மழை பெய்தால் அது 20,000 லிட்டர் நீர். 15 லிட்டர் குடத்தால் மொண்டால் 1,300 குடங்களுக்கு மேல். ஓர் ஏக்கரில் 20 லட்சம் லிட்டர். புதுச்சேரி நகரிலும் மழை மயிலத்தின் அளவை நெருங்கியது. எங்கள் ஓரடி டப்பாவோ விடியுமுன்னே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மானி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அன்று எங்கள் அறிவும் அப்படித்தான் இருந்தது.

அந்த ஞாயிறு மாலை

எங்கள் தமக்கையார் விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். கணவரை இழந்தவர், எழுபது வயதைக் கடந்தவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் பிள்ளை, பத்து வயதுப் பேரன், அவரோடு இருந்து படிக்கிறான். வீட்டுக்குப் பின்னால் தொழுவம். அதில் ஒரே ஒரு கறவைப் பசு. பால் விற்ற காசில்தான் வீட்டுச் செலவு நடந்தது. ‘மகனிடம் கை நீட்டாமல் வாழ்கிறேன்’ என்பது அவருடைய சிறிய பெருமை.

புயல் வருகிறது என்றதும் அவர் தம் வழக்கப்படி எச்சரிக்கையாகவே இருந்தார். பத்திரங்களையும் குடும்ப அட்டையையும் தகரப் பெட்டியில் வைத்துப் பரண் மேல் ஏற்றினார். பசுவையும் சனிக்கிழமை பகலிலேயே ஊரின் மேட்டிலுள்ள கோவில் வளாகத்துக்கு ஓட்டிச் சென்று அங்கிருந்த கொட்டகையில் கட்டினார்.

டிசம்பர் முதல் நாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் நின்றதால் திருப்பலிக்குச் செல்ல இயலவில்லை. மின்சாரமும் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றி, அன்றைய நற்செய்தியை வீட்டிலேயே வாசித்தோம். லூக்கா இருபத்தொன்றாம் அதிகாரம். கடலின் முழக்கத்தால் மக்களினங்கள் கலங்குவதைச் சொல்லி, எப்பொழுதும் விழித்திருக்கும்படி அறிவுறுத்தி முடியும் பகுதி அது. வெளியே மழையோசை, உள்ளே அச்சொற்கள். எங்களுக்கு மெய் சிலிர்த்தது. நாளுக்குப் பொருத்தமான வாசகம் என்று வியந்தோமேயன்றி, விழித்திருப்பது அன்று எங்கள் கடமை என்று எண்ணவில்லை.

முற்பகலில் புயல் வலுக்குறைந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று. மாலையில் காற்று தெற்குப் பக்கமாகத் திரும்பி மென்மையாக வீசியது. மழையும் விட்டு விட்டுத் தூறியது. அண்டை வீட்டாரின் வண்டியில் கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டு தமக்கையாரை அழைத்தோம்.

‘‘தம்பி, புயல் போய்விட்டதா?’’

‘‘நேற்றிரவே கரையைக் கடந்துவிட்டது அக்கா. இப்போது புயலே இல்லை, வலுவிழந்துவிட்டது. இனி அச்சமில்லை.’’

‘‘இங்கே இன்னும் மழை விடவில்லையே. மாட்டைக் கோவில் மேட்டிலேயே விட்டு வைக்கட்டுமா?’’

‘‘இந்த ஈரத்தில் அது ஏன் அங்கே நிற்க வேண்டும்? வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள். நிம்மதியாகத் தூங்குங்கள் அக்கா.’’

காலையில் விழித்திருக்கச் சொல்லும் வாசகத்தைப் படித்தவர்கள், மாலையில் ஆற்றோரத்து மூதாட்டியைத் தூங்கச் சொன்னோம். காற்று தெற்கே திரும்பியிருந்த அவ்வேளையில், முந்தின நாள் போல் முதுகு காட்டி நின்று கையை நீட்டியிருந்தால் அது மேற்குப் பக்கத்தைக் காட்டியிருக்கும். புயலின் எச்சம் போய்விடவில்லை, மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எங்கள் கையே எங்களுக்குச் சொல்லியிருக்கும். நாங்கள் கையை நீட்டவே இல்லை.

மேற்கேயிருந்து வந்த நீர்

தென்பெண்ணை நம் மாவட்டத்தில் பிறப்பதன்று. கருநாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, கிருஷ்ணகிரி அணையைக் கடந்து, சாத்தனூர் அணையில் தங்கி, திருக்கோவிலூர் வழியாக விழுப்புரத்தின் தெற்கே ஓடி, கடலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது. ஆகவே நம் கூரையில் பெய்யும் மழையை மட்டும் பார்த்து அவ்வாற்றை அறிய முடியாது. மேற்கே பெய்யும் மழையே அதன் தாய்.

அந்த ஞாயிறு மாலை, திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தனர். அன்றிரவு, கடற்கரையிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மயிலத்தில் முந்தின நாள் பெய்த அளவு, இப்போது மேற்கே. விழுப்புரத்துக்கு அருகிலுள்ள கெடாரில் 42 சென்டிமீட்டர். புயல் என்னும் பட்டத்தை இழந்த பிறகு அது பெய்த மழை இது! சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறியது. அன்று காலை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள இரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூரில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது.

தமக்கையாரின் ஊரில் நடந்ததை அவரே பின்னர் சொல்லக் கேட்டோம். ஞாயிறு இரவு உணவு வேளையில் பக்கத்து வீட்டுக் குடியானவர் வந்திருக்கிறார். பள்ளிப் படிப்பு இல்லாதவர், ஆற்றோடு வாழ்ந்தவர். ‘‘ஆயா, ஆற்றுத் தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. மேட்டுச் செம்மண்ணும் வேரோடு பிடுங்கிய மரங்களும் வருகின்றன. மேற்கே பெருமழை. நாளைக்கு அது நம் வாசலுக்கு வரும். மேட்டுக்குப் போய்விடுவோம்’’ என்றாராம். அதற்குத் தமக்கையார், ‘‘திண்டிவனத்துத் தம்பி இப்போதுதான் சொன்னார். புயல் போய்விட்டதாம். அவர் படித்தவர், வாத்தியார்’’ என்று மறுமொழி சொல்லியிருக்கிறார்.

விடியலில் தெருவுக்குள் நீர் புகுந்தது. சிறிது நேரத்தில் திண்ணையைத் தொட்டு, வாசற்படியைத் தாண்டியது. அதே குடியானவர் தம் மகனோடு மீண்டும் வந்தார். பையனை ஒருவர் தோளில் ஏற்றிக்கொள்ள, தமக்கையாரை மற்றவர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் கோவில் மேட்டுக்குக் கொண்டு சேர்த்தார்கள். தொழுவம் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்தது. அங்கே செல்லும் வழியில் நீர் ஆளை இழுத்தது. கட்டு அவிழ்க்க யாராலும் போக முடியவில்லை. சற்று நேரம் அதன் குரல் மேட்டில் கேட்டதாம். பிறகு கேட்கவில்லை.

சாலை திறந்த பின் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது, வீட்டுக்குள் முழங்காலளவு சேறு. நெல் மூட்டைகள் நனைந்து முளைவிட்டிருந்தன. சுவரில் நீரின் கறை எங்கள் தலைக்கு நேராக இருந்தது. தமக்கையார் எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘‘நீங்கள் பொய் சொல்லவில்லை தம்பி. காற்று போய்த்தான் விட்டது. தண்ணீர் பின்னால் வருவதை யார் கண்டார்கள்?’’ என்றார். ஆனால் ஒருவர் கண்டிருந்தார். அவருடைய சொல்லை எங்கள் சொல் தோற்கடித்துவிட்டது. அந்தக் குடியானவரின் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னபோது எங்களால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்று கடிகாரங்கள்

அந்நாள் முதல் நாங்கள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்து அறிந்துகொண்டது இதுதான். ஒரு புயலுக்கு ஒரு கடிகாரம் அன்று, மூன்று கடிகாரங்கள் உண்டு. முதலாவது காற்றின் கடிகாரம். அது கரையைக் கடக்கும் வேளையில் உச்சத்தில் இருந்து, சில மணி நேரத்தில் ஓய்கிறது. இரண்டாவது மழையின் கடிகாரம். அது புயல் நகரும் வேகத்தைப் பொறுத்தது. விரைந்து செல்லும் பெரும்புயலைவிட, நின்று பெய்யும் சிறுபுயல் அதிக நீரைக் கொட்டலாம். மூன்றாவது ஆற்றின் கடிகாரம். அது மற்ற இரண்டும் ஓய்ந்த பின்னரே மணி அடிக்கத் தொடங்கும். ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றில் வழிந்து, ஓடைகள் ஆற்றில் சேர்ந்து, ஆறு நம்மை வந்தடைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அப்போது நம் தலைக்கு மேல் வானம் வெளுத்துக்கூட இருக்கும். ‘புயல் கரையைக் கடந்தது’ என்னும் அறிவிப்பு முதற் கடிகாரத்தை மட்டுமே குறிக்கிறது. அறிவிப்பில் பிழையில்லை. மூன்று கடிகாரங்களும் நின்றுவிட்டதாக நாங்கள் கொண்ட பொருளில்தான் பிழை.

ஆகவே அச்செய்தியைக் கேட்கும்போது நாம் மேலும் சிலவற்றைக் கேட்க வேண்டும். புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது? எத்திசையில் போகிறது? நம் ஆற்றுக்கும் ஏரிக்கும் நீர் தரும் ஊர்களில் எவ்வளவு மழை பெய்திருக்கிறது? மேலேயுள்ள அணையின் நிலை என்ன? திண்டிவனம் பக்கத்தார் சங்கராபரணியையும் வீடூர் அணையையும் பற்றிக் கேட்க வேண்டும். விழுப்புரம் பக்கத்தார் தென்பெண்ணையையும் சாத்தனூரையும் பற்றி. வானிலைத் துறை தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களுள், சிவப்பு என்பது அஞ்சுவதற்கன்று, உடனே செயல்படுவதற்கு என்று பொருள். ஆற்று நீரின் நிறத்தைப் பார்த்துப் பேசுகிறவர் நம் தெருவில் இருந்தால் அவர் சொல்லையும் கேட்க வேண்டும். கருவியின் அறிவும் கண்ணின் அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வானத்தைக் கூர்ந்து நோக்கி உயிர்களைக் காத்த குருக்கள் நம் திருச்சபையில் பலர் இருந்திருக்கிறார்கள். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைக் குரு லஃபோன், 1867இல் அழுத்தமானி திடீரென்று இறங்குவதைக் கண்டு, புயல் வருமுன்னே அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். கியூபாவின் அவானா நகரில் தந்தை பெனிட்டோ வீஞ்ஞெஸ், வானின் உயரத்தில் இறகு போல் விரியும் கீற்று முகில்களின் போக்கை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, 1875 செப்டம்பரில் சூறாவளி எச்சரிக்கையைச் செய்தித்தாளில் வெளியிட்டார். மணிலாவில் தந்தை ஃபவுரா 1879இல் அவ்வாறே செய்தார். செயற்கைக்கோள் இல்லாத காலம் அது. அவர்கள் நோக்கினார்கள், அளந்தார்கள். அதோடு நில்லாமல், உரிய வேளையில் பிறருக்கு உரைத்தார்கள். பிறர் உயிர் நம் சொல்லைப் பற்றி நிற்கும்போது, அரைகுறையாகத் தெரிந்ததை முழுதும் தெரிந்ததாகச் சொல்வதும் ஒரு குற்றமே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாங்கள் அதைச் சொன்னோம். கேட்ட குருவானவர் எங்களைத் தேற்றிவிட்டு, ‘‘இனி யாராவது கேட்டால் முழுவதும் சொல்லுங்கள்’’ என்று மட்டும் கூறினார். இக்கட்டுரையும் அந்தப் பரிகாரத்தின் ஒரு பகுதியே.

தமக்கையாருக்கு ஒரு பசு வாங்கித் தர எங்கள் ஓய்வூதியத்திலிருந்து பணம் எடுத்துச் சென்றோம். முதலில் மறுத்தவர், பேரனின் படிப்பை நினைத்துப் பெற்றுக்கொண்டார். இப்போது ஒரு கிடாரி வளர்கிறது. தொழுவம் பள்ளத்தில் இல்லை. தெருவோரம் மேடாக்கிக் கட்டியிருக்கிறோம். எங்கள் மாடியில் டப்பாவை மாற்றி, இரண்டடி உயரமுள்ள ஒன்றை வைத்திருக்கிறோம். சுவரில் தமிழ்நாட்டு ஆறுகளின் படம் ஒன்றை ஒட்டி, தென்பெண்ணைக்கு நீர் தரும் ஊர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். ஐப்பசி முதல் மார்கழி வரை, மாலைச் செபமாலை முடிந்ததும் அவ்வூர்களில் பெய்த மழையைக் கேட்டறிந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறோம்.

அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், பக்கத்து வீட்டுக் குடியானவரின் கைப்பேசி எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். மழை வலுக்கும்போதெல்லாம் முதலில் அவரை அழைத்து, ‘ஆற்றின் நிறம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறோம். அதற்குப் பிறகே தமக்கையாரோடு பேசுகிறோம். அவர் அன்றுபோலவே, ‘‘தம்பி, புயல் போய்விட்டதா?’’ என்று கேட்பார்.

‘‘காற்று போய்விட்டது அக்கா. மேற்கே இன்னும் மழை பெய்கிறது. ஆறு வடியும் வரை மாட்டைக் கோவில் மேட்டிலேயே கட்டுங்கள். நாங்களும் விழித்திருக்கிறோம்.’’